லோலோவின் வாள் பளபளக்காது, பாப்பா

லாஸ் பான்யோஸ், பிலிப்பைன்ஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மழைதான் விட்டபாடில்லை. வாளைப் பளபளப்பாக்கலாமா, உறையைப் புதுசாகச் செய்யலாமா என்று நீ போனில் கேட்ட இரண்டு கேள்விக்கும் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். உன் மகன் குறுக்கே புகுந்து "வாளைக் காட்டு, வாளைக் காட்டு" என்று ஆர்ப்பாட்டம் பண்ணியதில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். உன் லோலோ தாத்தாவின் வாளைக் கண்ணாடி மாதிரி மின்ன வைக்கப் போவதில்லை. உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு செய்யப் போவதுமில்லை. காரணத்தைப் படி, அப்புறம் சண்டை போடு.

முதலில் அந்தப் பொடியனிடம் சொல்லிவிடு: இது மக்தான் தீவுத் தலைவன் லாபுலாபுவின் வாள் இல்லை. 1521 ஏப்ரல் 27-ஆம் தேதி மக்தான் கரையில் மகெல்லனை வெட்டியது பெரிய வளைவாள் மாதிரி ஒன்று என்று கூடவே இருந்த பிகாஃபெட்டா எழுதி வைத்தார். அதைத்தான் இப்போது கம்பிலான் என்கிறார்கள். நம் வீட்டில் இருப்பது தாலிபோங். அம்மா பிறந்த பானாய்த் தீவிலும் சுற்றுவட்டார விசயாஸ் தீவுகளிலும் புழங்கியது. இது லோலோவின் அப்பா காலத்துப் பொருள் என்று அவர்கள் வீட்டில் பேச்சு. மகெல்லனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போய் அளந்துவிட வேண்டாம் என்று சொல்.

கையில் எடுத்துப் பார்த்தால் உனக்கே தெரியும். வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், ஒரு முகம் மட்டும்தான் சரிவு, மறுமுகம் தட்டை. தச்சரின் உளி எப்படியோ அப்படி. தட்டை முகத்தைச் சாணைக்கல்லில் வைக்கவே கூடாது, சரிவுப் பக்கம் மட்டும்தான் தீட்ட வேண்டும். இது தெரியாத யாரோ ஒரு காலத்தில் நுனிப் பக்கம் இரண்டு முகத்தையும் மோட்டார்ச் சாணையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு வாய் உள்வாங்கி இருக்கிறது. அதை நான் சரி செய்யவில்லை. சரி செய்ய வேண்டுமென்றால் மிச்ச வாயையும் அதே அளவுக்குத் தேய்க்க வேண்டும்.

தேய்க்க அங்கே நிறைய இரும்பு இல்லை என்பதுதான் விஷயம். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செப்புத் தகட்டால் சுரண்டி, கடைசியில் மெல்லிய எஃகு நார் கொண்டு துடைத்தேன். செம்பு துருவைப் பெயர்க்கும், இரும்பைக் கீறாது. சிவப்புத் துரு மட்டும் போக வேண்டும். அடியில் படிந்திருக்கும் அந்தக் கறுப்பு இருக்கட்டும், அது இனிமேல் பரவாது. அப்புறம் ஒரு ஓரத்தில் கலமான்சி எலுமிச்சைச் சாறு தடவிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வாயை ஒட்டி ஒரு பட்டை கறுத்தது, முதுகுப் பக்கம் வெளிறியே நின்றது. கறுத்தது எஃகு, வெளிறியது பச்சை இரும்பு. அந்தக் கொல்லர், இவர்கள் சொல்கிற பண்டாய், விலை கூடின எஃகை வாயில் மட்டும் வைத்து அடித்திருக்கிறார். கைவிரல் அகலம்கூட இல்லை அந்தப் பட்டை. இப்போது மலிவாகக் கிடைக்கும் ஜீப்னி வண்டியின் வில் பட்டையில் அடித்த போலோ கத்தி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், அது முழுக்க எஃகு. இதைப் பளபளப்பாக்கித் தேய்த்தால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டைதான் கரையும். மெஷினில் பஃப் அடித்தால் இன்னும் மோசம். சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் என்று அம்மா சொன்னாள், அது நாளானால் பிசுபிசுத்துப் போகும்.

இனி உறை. எனக்கு வேலை வைத்தது அதுதான், வாள் இல்லை.

இவர்கள் கலுபன் என்கிற அந்த உறை, இரண்டு பலகையை உள்ளே குடைந்து சேர்த்துப் பிரம்புக் கட்டால் இறுக்கியது. இடுப்புக் கயிறு நுழைகிற காது தனியாக ஒட்டினது இல்லை, முன்பலகையிலேயே விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். பிரம்பு அறுந்ததும் பலகை இரண்டும் வாய் பிளந்துவிட்டன. அதன்மேல் யாரோ கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, போதாததற்கு ஒரு ஆணியும் அடித்திருக்கிறார்கள். ஆணி துருத்திக்கொண்டு உள்ளே வந்து, வாள் போகவர ஒரே இடத்தில் நீளக் கோடு போட்டிருக்கிறது. டேப்பை மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு உரித்தால், அடியில் மரம் பழைய மஞ்சளில் அப்படியே இருந்தது. அப்போதுதான் தெரிந்தது பலா மரம் என்று. லங்கா என்கிறார்கள் இங்கே. செபூவில் கிட்டார் செய்கிற மரமும் இதுதான், தஞ்சாவூரில் வீணை செய்கிற மரமும் இதுதான். எனக்குத் தனி சந்தோஷம்.

உறையின் வாயோரம் உளுத்து மாவாகக் கொட்டியது. உளுத்ததைச் சீவி எறிந்துவிட்டு அதே ரேகை ஓட்டத்தில் ஒரு துண்டு வைத்துச் சேர்த்தேன். கடையில் விற்கிற புதுப் பலாப் பலகை இதற்கு ஆகாது. பச்சை மரம் பின்னால் சுருங்கி ஒட்டுவாயைப் பிளக்கும், நிறமும் எட்டூர் தூரத்துக்கு அடிக்கும். பக்கத்துத் தெருவில் இடித்த பழைய வீட்டு ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கினேன்.

எபாக்ஸி போட்டிருக்கலாமே என்பாய். போட்டால் ஜென்மத்துக்கும் விடாது, அதனால்தான் போடவில்லை. நம்மூர்த் தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரத்தையே போட்டேன். நாளைக்கு உன் மகனோ அவன் மகனோ திறந்து பார்க்க நினைத்தால் வெந்நீர்த் துணி போதும். இந்த ஈரக் காற்றில் வஜ்ஜிரம் இளகும் என்பது தெரியும். ஆனால் இறுக்கிப் பிடிக்கப் போவது பிரம்பு, பசை துணைக்குத்தான். ஊறவைத்த பிரம்புச் சீவலை ஈரத்தோடு சுற்றிவிட்டால் காயக் காயத் தானே இறுகிவிடும். உள்ளே இருந்த பழைய எண்ணெயும் துருப்பொடியும் களிம்பாகிக் கிடந்ததைக் குச்சியில் துணி சுற்றி வழித்து எடுத்தேன். வாளுக்குத் துரு வந்ததே அங்கிருந்துதான். அதனால் இனிமேல் வாளை உறைக்குள் போட்டு வைக்கப் போவதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். உனக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

கைப்பிடி எருமைக் கொம்பு. வாள் காம்பை அதற்குள் மரப்பிசின் உருக்கி ஊற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். நம்மூர்க் கொல்லர் அரிவாளுக்கு அரக்கு ஊற்றுவாரே, அதே வேலைதான். ஆடுகிறது, ஆனால் கழலவில்லை. தொடவில்லை நான்.

"அங்கே அனுப்பி வையுங்கள், ஹாலில் மாட்டுகிறேன்" என்றாயே, அது அவ்வளவு லேசில்லை. பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டும். உன் மாமாக்களின் சம்மதம் அதற்கும் முன்னால் வேண்டும். லோலோ உன் அம்மாவுக்கு மட்டும் அப்பா இல்லையே. நீங்கள் லீவில் வரும்போது இங்கேயே பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் யோசனை வேண்டும். கைப்பிடி நுனியில் இருக்கிற பகுனாவா தலைக்கு மூக்கு உடைந்திருக்கிறது. நிலவை விழுங்கும் அந்தக் கடல்பாம்புதான், சின்ன வயதில் அம்மா கதை சொல்லி உன்னை அழ வைப்பாளே, அதேதான். புதுக் கொம்பில் மூக்கு செதுக்கி ஒட்டு என்கிறாள் அம்மா. தன் அப்பா வீட்டில் முழு மூக்கோடு பார்த்த ஞாபகமாம். பழைய படம் ஒன்றுகூட இல்லாமல் எந்த மூக்கை நான் செதுக்குவது? மூன்று நாளாக இதே வாக்குவாதம் வீட்டில். பெரிய மாமாவிடம் பழைய குடும்பப் படம் ஏதாவது இருக்கிறதா என்று நீ கேட்டுப் பார். நான் கேட்டால் வாளைப் பற்றிய பேச்சு வேறு பக்கம் திரும்பும். பிரம்பு வாங்கிக்கொண்டு அவர் அடுத்த மாதம் பானாய்த் தீவின் கபிஸிலிருந்து வருகிறார், படம் இருந்தால் கையோடு எடுத்துவரச் சொல். இல்லையென்றால் மூக்கில்லாமலே இருக்கட்டும் என்று நீயே அம்மாவிடம் சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
அப்பா