ஏழாம் பக்கத்துக் கேப்டன்

அன்புள்ள முரளி,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் வீடு மாற்றம். இப்போது எல்லாம் சரி. நேற்று பேப்பரைத் தானே எடுத்து, வரி விளம்பரம் வரை படித்தாள்.

உன் கதையை இரண்டு தரம் படித்தேன். செவ்வாய்க் கிரகத்தில் படுத்திருக்கும் தங்கைக்கு மருந்து கொண்டுபோகும் கேப்டன் அண்ணன்! மனசைப் பிடித்து உலுக்கிவிட்டாய். ஆனால் ஏழாம் பக்கத்தில், கப்பல் ஒன்பது ஜியில், அதாவது உடம்பு ஒன்பது மடங்கு கனக்கும் முடுக்கத்தில், பாய்ந்துகொண்டிருக்கும்போது, அவன் எழுந்து ஜன்னலோரம் போய் நிற்கிறானே, அதை என்னால் ஏற்க முடியவில்லையடா. அவன் தலை மட்டுமே 45 கிலோ கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். முதலில் நிறங்கள் வெளிறும், பிறகு பார்வை குறுகி இருண்டு, சில நொடிகளில் மயங்கி விழுவான். மல்லாந்து படுத்தால் கூடுதலாகத் தாங்கலாம். ராக்கெட்டில் அதனால்தான் படுக்க வைக்கிறார்கள். அப்போதும் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சைத் தூக்கப் போராட வேண்டும். நீ எழுதியிருப்பது 28 மணி நேரம்!

ஜான் பால் ஸ்டாப் ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்க விமானப்படை டாக்டர். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு, மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போனார். வண்டி 1.4 நொடியில் நின்றது. உச்சத்தில் 46 ஜி. கண்ணில் ரத்தக் குழாய்கள் வெடித்து, கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பார்வை போகலாம் என்று தெரிந்தே, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சட்டை மாட்டிப் பழகியிருந்தாராம். அம்மாவின் கண்கட்டைப் பிரிக்கிறவரை எனக்கு அந்த மனிதர் நினைவாகவே இருந்தது. நல்லவேளை, அவருக்குப் பார்வை திரும்பிவிட்டது. 89 வயது வரை இருந்தார். ஆனால் அவர் பட்டது நொடிக்கணக்கில்தான். உன் கேப்டனுக்கோ ஒரு நாளுக்கும் மேல்.

இன்னொன்று. பாதி வழி முடுக்கி, பாதி வழி பிரேக் போட்டால், செவ்வாய்க்கான 22.5 கோடி கிலோமீட்டரை ஒரு ஜியிலேயே 84 மணியில் கடந்துவிடலாம். வீட்டில் நடக்கிற மாதிரி நடக்கலாம், காபி குடிக்கலாம். ஒன்பது மடங்கு முடுக்கினாலும் நேரம் மூன்றில் ஒன்றாகத்தான் குறையும். முடுக்கத்தின் வர்க்கமூலம்தானே கணக்கு! அவனை நசுக்கி நீ மிச்சம் பிடிப்பது 56 மணி.

அந்த 56 மணிதான் உன் கதை என்று எனக்குத் தோன்றுகிறது, முரளி. மருந்துப் பெட்டிக்கு ரத்தம் கிடையாது. அது ஆளில்லாத கப்பலில் ஒன்பது ஜியில் முன்னே போகட்டும். அவன் ஒரு ஜியில் பின்னால் வரட்டும். பெட்டி போய் இறங்கியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவள் கண் திறந்தாளா என்பது தெரியாது. ஜன்னலோரம் அப்போது நிற்கட்டும்.

ஏழாம் பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பு. மற்றதில் கை வைக்காதே. அம்மா தானே படிக்கிறேன் என்று காத்திருக்கிறாள்.

அன்புடன்,
சேகர்