கொடியில் ஆறு துணி

அன்புள்ள சித்திக்கு,

போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். எடுத்தவுடனே "பாப்பா குடிச்சாளா, வெளிக்குப் போனாளா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். பேச்சு அதோடு போய்விடும். மீறி வாய் திறந்தாலும் "நான் என்ன அசலா, எனக்கு எதுக்குடி நன்றி" என்பீர்கள். எழுதினால் கடைசி வரி வரை கேட்பீர்கள் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா தூளியில் தூங்குகிறாள். அவள் எழுந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போவேன், அப்புறம் வந்து தொடர்வேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து மாதமாக நெஞ்சில் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து நாங்கள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், நீங்கள் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தீர்கள். ஒரு கையில் ஒயர் கூடை, இன்னொரு கையில் இறுகக் கட்டிய துணி மூட்டை. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தரையில் உட்கார முடியாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழ முடியாது. பேறுகாலம் யார் பார்ப்பது என்று எல்லோரும் போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் கிளம்பி வந்துவிட்டீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. மூட்டைக்குள் இருந்ததுதான் கண்ணில் பட்டது. அம்மாச்சியின் சாயம் போன சுங்குடிச் சேலைகள், தாத்தாவின் வேட்டிகள், நீங்கள் உடுத்திப் பழசான நூல் சேலைகள் இரண்டு. அறையில் என் தோழிகள் கொடுத்த புதுத் துணிகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. பக்கத்திலேயே கொசுவலை வைத்த குட்டி மெத்தை. "பொறந்த பிள்ளைக்கு யாராவது கந்தலைக் கொண்டு வருவாங்களா" என்று இவரிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். இந்தச் சின்ன வீட்டில் மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். சேலையை மடித்துக்கொண்டிருந்த உங்கள் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி மடித்தது. கேட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் சித்தி.

மறுநாள் அத்தனையையும் வெந்நீரில் ஊறவைத்து அலசி, மொட்டை மாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எடுத்து வந்தீர்கள். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கடைச் சட்டையை ஒரு கன்னத்திலும் அம்மாச்சியின் முந்தானையை மறு கன்னத்திலும் வைத்தீர்கள். "எது மெத்துனு இருக்கு, சொல்லு" என்றீர்கள். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

தாத்தா தறியில் இருந்த காலத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்கு விரிவாகச் சொன்னீர்கள். விடியற்காலையில் அருப்புக்கோட்டைத் தெருவில், தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, காய்வதற்குள் ஆளாளுக்கு ஓடி ஓடி நூலைப் பிரித்து விடுவீர்களாம். தறியில் உரசும்போது இழை அறுந்துவிடாமல் இருக்க அந்தக் கஞ்சி வேண்டும். நெய்து முடித்த பிறகு, கடையில் மடிப்புக் கலையாமல் நிற்க இன்னொரு கஞ்சி. அதெல்லாம் முழுதாகப் போக வேண்டுமென்றால் துணி பல தடவை தண்ணீரைப் பார்க்க வேண்டும். "இருபது வருஷம் துவைச்ச சேலை இது. கஞ்சியும் இல்ல, சாயமும் இல்ல, வெறும் பருத்திதான் மிச்சம்" என்றீர்கள். நானும் இத்தனை வருடம் துணி வாங்குகிறேன், பழையது என்றால் தேய்ந்தது என்று மட்டும்தான் தெரியும்.

ஒரு நாலு முழ வேட்டியில் ஆறு துணி என்று கணக்குப் போட்டு வெட்டினீர்கள். ஓரம் அடித்தால் தொடையில் உறுத்தும் என்று அடிக்காமலே விட்டீர்கள். முக்கோணமாக மடித்து, ஊக்கு இல்லாமல் முடிச்சுப் போட்டு, தொப்புள் கொடி விழும்வரை துணி அதன் மேல் படாமல் கீழே இறக்கிக் கட்டினீர்கள். வெளியே போகும்போது மட்டும் டயப்பர் என்று நாம் பேசி வைத்துக்கொண்டோம். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

இந்த வேட்டித் துணிகள்தான் என்னைக் காப்பாற்றின என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு வாரம் ஆகியிருக்கும். பாப்பா விடாமல் அழுதாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: "பால் பத்தலையோ?" ஒருவர் டப்பாப் பால் கொடு என்றார். இன்னொருவர் என் உடம்பைப் பார்த்துவிட்டு, "இதுல எங்க பால் வரப்போகுது" என்றார். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ராத்திரி மூன்று மணிக்கு, பாலே இல்லாதவளாக என்னை நானே முடிவுகட்டி உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் என்னைக் கைபிடித்துப் பால்கனிக்குக் கூட்டிப்போய் லைட்டைப் போட்டீர்கள். கொடியில் வரிசையாகத் துணிகள். "எண்ணுடி" என்றீர்கள். எண்ணினேன். ஒன்பது. "நேத்து காலையில இருந்து இவ நனைச்சது ஒன்பது. குடிக்காத பிள்ளைக்கு இத்தனை ஒண்ணுக்கு எங்க இருந்து வரும்? அஞ்சு நாள் தாண்டினா ஆறு துணியாவது நனையணும். அதுக்குக் கொறஞ்சா நானே உன்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன்."

தடுப்பூசிக்குப் போனபோது நர்சும் இதையேதான் சொன்னார்: ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், எடையும் ஏறினால், பால் போதும். நீங்கள் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? தம்பியை வளர்த்தபோது கொடியைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள். அன்றைக்கு முழுக்க டயப்பரில் வைத்திருந்தால், எத்தனை தடவை நனைத்தாள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. மறுநாளில் இருந்து யார் என்ன கேட்டாலும் நான் கொடியைத்தான் பார்த்தேன். ஆறு துணி கண்ணில் பட்டுவிட்டால் மனசு சமாதானமாகிவிடும்.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மிளகு ரசம் எல்லாவற்றின் ருசியும் இன்னும் நாக்கில் இருக்கிறது. அதை விடுங்கள். விரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினோரு மத்தியானம் அதைத் தைத்தீர்கள். பாப்பா தூங்கும் நேரம், நான் தூங்கும் நேரம், நீங்களும் தூங்கியிருக்க வேண்டிய நேரம். நான்கு மடிப்புச் சேலையைத் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் நீவி, மேலே அம்மாச்சியின் சுங்குடியைப் போட்டு, நடுவில் இருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டே போனீர்கள். ஓரத்தில் இருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி பொங்கி நின்றுவிடும் என்றீர்கள். வீட்டில் உஷா மெஷினில் ஒரு நாளைக்கு நாலு ஜாக்கெட் தைக்கிற ஆள், கையில் ஊசி வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாரே என்று கேட்டேன். மெஷின் தையல் அடுக்குகளை இறுக்கிப் பிடித்துவிடும், பிள்ளை நனைத்தால் சீக்கிரம் காயாது. கையால் போடும் ஓட்டுத் தையல் தளர்வாக இருப்பதால் தண்ணீரும் உள்ளே போய் வரும், காற்றும் போய் வரும். அதுதான் உங்கள் பதில்.

வங்காளத்தில் இதே மாதிரி பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்துப் பிள்ளைகளுக்குப் போர்த்துகிறார்கள், அதைக் காந்தா என்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி. நாம் சும்மா விரிப்பு என்கிறோம். காந்தா வேலைப்பாடு என்று கடையில் ஆயிரக்கணக்கில் விலை போட்டுத் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், நம் வீட்டுத் தரையில் பாப்பா எச்சில் ஒழுகவிட்டுக் கிடக்கிற விரிப்பு எனக்கு நினைவுக்கு வரும்.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். அம்மாச்சியின் சேலை அதற்கும் முந்தியது. துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி நூல் சுற்றி, முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கிய சேலை. முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளி. இப்போது பெரும்பாலும் அச்சு வைத்துவிடுகிறார்கள். பாப்பா குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கப் பார்க்கிறாள். அம்மாச்சி இவளைப் பார்க்கவில்லை. ஆனாலும் கிள்ளிக் கட்டிய புள்ளியை இவள் திருப்பிக் கிள்ளுகிறாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

இன்னொரு நன்றி சேனைக்கு. ஆமாம், நீங்கள் தொட்டு வைக்காத சேனைக்குத்தான். பிள்ளை பிறந்ததும் தேனோ சீனித் தண்ணியோ நாக்கில் தொட்டு வைப்பவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அம்மா, "நீ வைடி, உன் பொறுமை வரட்டும்" என்று உங்களைக் கூப்பிட்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, அதிலும் தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அதில் இருக்கக்கூடிய கிருமி சின்னப் பிள்ளைகளின் குடலில் வளர்ந்து விஷமாகிவிடும் என்பதால். எத்தனை வீட்டில் இதற்குச் சண்டை வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் "அப்ப வேண்டாம்" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பாப்பாவின் உள்ளங்காலைத் தொட்டீர்கள். அவ்வளவுதான். உங்கள் குணம் அந்தக் கால் வழியாக ஏறியிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பாப்பா எழுந்துவிட்டாள். பால் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். போன மாதம் தம்பி இங்கே வந்திருந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். தை முகூர்த்தத்துக்கு வந்திருந்த ஜாக்கெட் துணிகளை எல்லாம் நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினீர்களாம். கல்யாணச் சேலைக்கு வருகிற ஜாக்கெட்டில்தான் உங்களுக்கு வருஷத்துக் காசே வரும் என்று எனக்குத் தெரியும். 48 நாள் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தீர்கள். இங்கே இருந்த ஒரு நாளாவது அதைப் பற்றிப் பேசினீர்களா? நான் கம்பெனியில் வேலை பார்ப்பதால் எனக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. முன்பு 12 வாரமாக இருந்ததை 2017-ல் சட்டத்தைத் திருத்திக் கூட்டினார்கள். நல்ல காரியம், அதனால்தான் நான் இன்றைக்குப் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறேன். ஆனால் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வந்த தையல்காரச் சித்தியின் 48 நாளுக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு ரூபாய் கிடையாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணமாகக் கொடுத்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள், வருத்தப்படுவீர்கள். அதனால் வேறு ஒன்று செய்திருக்கிறேன். இரண்டு வாரம் முன்பு, மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன கடைகளில் நல்ல நூலும் ஊசியும் வாங்கினேன். நீங்கள் விட்டுப்போன நூல் சேலை இரண்டையும் மடித்துப் போட்டுத் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். பாப்பாவுக்கு இல்லை, உங்களுக்கு. மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்பீர்களே, ஸ்டூலில் மடித்துப் போட்டுக்கொள்ள.

தையல் கோணலாகத்தான் போகிறது. விரலில் நாலு இடத்தில் குத்திவிட்டது. நடுவில் இருந்து ஓரத்துக்குத்தான் போகிறேன்.

ஆனிக் கடைசியில் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிகிறது. கோயிலில் வைத்துச் சோறு ஊட்ட நினைத்திருக்கிறோம். முதல் வாய் நீங்கள்தான் ஊட்ட வேண்டும், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகிறேன். தேதி முடிவானதும் போன் பண்ணுகிறேன். எத்தனை ஜாக்கெட் கையில் இருக்கிறது என்று அப்போது என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் நாள் வைப்போம்.

வரும்போது தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருப்பீர்களே, ஜாக்கெட் வெட்டுத் துணிகள், அதில் கொஞ்சம் எடுத்து வாருங்கள். விரிப்புக்கு ஓரம் கட்ட வேண்டும். சிவப்பு இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மகள்