ருசியில் வற்புறுத்தல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் சமைத்ததை ஒருவர் பிடிக்கவில்லை என்று ஒதுக்கினால், அதைச் சமைத்தவர் மீதான அன்பின்மையாகவோ வளர்ப்பின் குறையாகவோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரே வேதிப்பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையற்றதாகவும் இருப்பதை 1931ஆம் ஆண்டிலேயே ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். அந்த வேறுபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதும் பின்னர் தெளிவானது. ஆகவே, பெரியவர்கள் விரும்பி உண்ணும் முட்டைக்கோஸைக் குழந்தை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவது வெறும் பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதுமையில் மோப்ப உணர்வு குறைவதால் பழகிய உணவே சப்பென்று படலாம் (மருமகளின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லுமுன் இதையும் எண்ணிப் பார்க்கலாம்). கணவன் மனைவிக்குள்ளும், "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்பதைச் சமைத்தவர் மனம் நோகாதபடி சொல்ல இடமிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்