வேதியியல் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு, அதற்குக் கீழே இருந்தால் முனைவுள்ள சகப்பிணைப்பு." இந்த ஒரு வரியை மட்டும் நம்பித் தேர்வில் கேள்வி கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எலக்ட்ரான் கவர்தன்மை என்பது, பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன். அயனிப் பிணைப்பில் எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து மற்றதற்குப் போய்விடுகிறது; சகப்பிணைப்பில் இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன, முனைவுள்ளது என்றால் அந்தப் பகிர்வு சமமில்லை.

இரண்டு எண்களைக் கழித்தால் விடை வந்துவிடுகிறது, திருத்துவதும் சுலபம். ஆனால் அந்த விடை சரியா? ஹைட்ரஜனுக்கு 2.20, ஃபுளூரினுக்கு 3.98, வேறுபாடு 1.78. விதிப்படி ஹைட்ரஜன் ஃபுளூரைடு அயனிச் சேர்மமாக இருக்க வேண்டும். அதுவோ 20 டிகிரி செல்சியசை எட்டும் முன்பே கொதித்து வாயுவாகிவிடும் சகப்பிணைப்பு மூலக்கூறு. சோடியம் ஹைட்ரைடில் வேறுபாடு வெறும் 1.27. ஆனால் அது அயனிகள் அடுக்கிய படிகம். கோட்டின் இரண்டு பக்கமும் விதி சறுக்குகிறது.

பிணைப்பில் நடப்பது இதுதான். இரண்டு அணுக்கருக்களும் ஒரே எலக்ட்ரான் இணையை இழுக்கின்றன. எதன் இழுப்பு பலமோ அதன் பக்கம் எலக்ட்ரான் அடர்த்தி கொஞ்சம் கூடுகிறது. அங்கே சிறிது எதிர்மின்சுமை, மறுமுனையில் அதே அளவு நேர்மின்சுமை. எவ்வளவு "கொஞ்சம்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடில் ஒரு எலக்ட்ரான் முழுதாகக் குளோரினிடம் போயிருந்தால், இருமுனை திருப்புத்திறன் (பிரிந்த மின்சுமையை இடைவெளியால் பெருக்கினால் வரும் அளவு; அதன் அலகு டிபை) சுமார் 6.1 டிபை வர வேண்டும். அளந்தால் கிடைப்பது 1.08. ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்! ஹைட்ரஜன் ஃபுளூரைடிலோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்த மாணவருக்கு முனைவுத் தன்மை மனப்பாடப் பகுதியாக இருக்காது.

அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932-ல் பிணைப்பு ஆற்றல்களை ஒப்பிட்டு எலக்ட்ரான் கவர்தன்மைக்கான இந்த அளவுகோலை உருவாக்கினார். அவருடைய சூத்திரப்படி 1.7 என்பது அயனித் தன்மை ஏறத்தாழப் பாதியாகும் இடம். அங்கே சுவர் எதுவும் இல்லை. சுவரை எழுப்பியது நாம்தான்.

இன்னும் இரண்டு மூலக்கூறுகளைச் சொல்லாமல் விட மனமில்லை. கார்பன் மோனாக்சைடில் ஆக்சிஜனின் கவர்தன்மை 0.89 அதிகம், ஆனாலும் அதன் திருப்புத்திறன் 0.1 டிபையை ஒட்டித்தான் இருக்கிறது, அதிலும் எதிர்மின் முனை கார்பன் பக்கம். ஓசோனில் மூன்றும் ஒரே தனிமம், வேறுபாடு சுழி. ஆனாலும் 0.53 டிபை இருக்கிறது, ஏனென்றால் நடுவில் உள்ள ஆக்சிஜனின் சூழல் ஓரத்தில் உள்ளவற்றின் சூழல் அல்ல. மாணவர்களை யோசிக்க வைக்க இதைவிட நல்ல கேள்விகள் வேண்டுமா?

கழித்தலை அடியோடு விடச் சொல்லவில்லை. எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் சாயும் என்று முதலில் ஊகிக்க அது நன்றாகவே உதவும். அப்புறம், பிணைப்பு நீளத்தையும் அளந்த திருப்புத்திறனையும் கொடுத்து, மின்சுமை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். விடைக்குறிப்பிலும் இடம் விடுங்கள்: சோடியம் ஹைட்ரைடு அயனிச் சேர்மம்தான் என்று காரணத்தோடு எழுதியவருக்கு, 1.27 என்ற எண்ணைக் காட்டி மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்