இணைய நிறுவனத்திடமிருந்து வந்த நோட்டீஸ்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கனடாவில் உன் பெயரில் இருக்கும் வீட்டு இணைய இணைப்பில் யாரோ ஒரு படத்தை அனுமதியில்லாமல் இறக்கிப் பகிர்ந்ததாக வந்த நோட்டீஸை எனக்கு அனுப்பினாயே, அதை வரி விடாமல் படித்துவிட்டேன். "கோர்ட்டிலிருந்து ஏதோ வந்திருக்கு அம்மா" என்று போனில் சொன்னாய். அது கோர்ட்டிலிருந்து வரவில்லை. உன்மேல் வழக்குப் போட்டதாக அதில் எங்கும் இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மீதியைப் படி.

இந்த மாதிரி நோட்டீஸ்களை அனுப்பும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆபீஸில் என்ன வேலை என்று சின்ன வயதில் நீ கேட்டால் "புகார் படிக்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். அந்தப் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். பதிப்புரிமை மீறல் என்று புகார்ப் பெட்டியில் தினமும் வந்து குவியும். எழுதுவது மனிதர் இல்லை, ஏதோ ஒரு மென்பொருள். வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். படத்தின் பெயர், ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), நேரம் மட்டும் மாறும். உன்னை நடுங்க வைத்த அந்தக் கடுமையான பத்தி உன்னை நினைத்து எழுதியது இல்லை. யாரையும் நினைத்து எழுதியது இல்லை.

"என் லேப்டாப்பை ஹேக் பண்ணிட்டாங்களா" என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். டாரன்டில் ஒரு படத்தை இறக்கினால் அது ஓர் இடத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அந்தப் படத்தை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வருகிறது. வந்த துண்டை உன் கணினி உடனே மற்றவர்களுக்குக் கொடுக்கவும் ஆரம்பித்துவிடும். 2001-ல் பிராம் கோஹன் உருவாக்கிய இந்த முறையின் சாமர்த்தியமே அதுதான்: வாங்குகிறவர்கள் கூடக் கூட, கொடுக்கிறவர்களும் கூடுவார்கள். ஆனால் துண்டுகளைப் பரிமாற வேண்டுமென்றால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்தாக வேண்டும். படக்கம்பெனி அமர்த்திய கண்காணிப்பு நிறுவனம் அந்தக் கூட்டத்தில் தானும் ஓர் ஆளாகச் சேர்ந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று ஐபி முகவரிகளைக் குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். உன் கணினிக்குள் யாரும் நுழையவில்லை.

சட்டச் சிக்கல் பெரும்பாலும் பார்த்ததில் இல்லை, கொடுத்ததில் இருக்கிறது என்பதையும் கவனி. ஓர் இணையதளத்திலிருந்து நேராக ஓடவிட்டுப் பார்க்கிறவருக்கு இந்த மாதிரி நோட்டீஸ் வருவது அபூர்வம், டாரன்ட்காரருக்கு வரும். இதில் ஒரு குழி உண்டு. 2014-ல் வந்த பாப்கார்ன் டைம் போன்ற செயலிகள் பார்ப்பதற்கு ஸ்ட்ரீமிங் மாதிரியே இருக்கும், உள்ளே ஓடுவது டாரன்ட். "நான் எதையும் டவுன்லோட் பண்ணல, சும்மா ஆப்பில் பார்த்தேன்" என்று உன் அறைத்தோழன் யாராவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டாதே. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஓர் ஐபி முகவரி எந்த இணைய நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அது பொதுப் பதிவு. ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் அது எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்பது அந்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் படக்கம்பெனி நிறுவனத்துக்கு எழுதுகிறது, நிறுவனம் உனக்கு அனுப்பிவைக்கிறது. மேலே "அன்புள்ள வாடிக்கையாளருக்கு" என்று நிறுவனம் சேர்த்த பகுதியை விட்டுவிட்டு, கீழே உள்ள உண்மையான நோட்டீஸைப் பார். உன் பெயர் எங்காவது இருக்கிறதா? இல்லை. ஏனென்றால் அது அவர்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும்.

நிறுவனம் விசாரித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் 2015 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, முறையான நோட்டீஸ் வந்தால் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பியே ஆக வேண்டும். தவறினால் நிறுவனம் 5,000 முதல் 10,000 டாலர் வரை கட்ட நேரும். அப்படியிருக்க எந்த நிறுவனம் உட்கார்ந்து ஆராயும்? அனுப்பிவிட்டு, யாருக்கு அனுப்பினோம் என்ற பதிவை 6 மாதம் வைத்திருக்கும். அதற்குள் வழக்குப் போட்டு உரிமையாளர் தெரியப்படுத்தினால் 1 வருடம். இவ்வளவுதான் அதன் கடமை.

அப்புறம் உன் நண்பர்கள் சொன்ன ஆலோசனைகள். அமெரிக்காவில் இருப்பவன் "இணைப்பைத் துண்டிச்சிடுவாங்க, 150,000 டாலர் அபராதம்" என்றான். ஜெர்மனிக்காரன் "வக்கீலைப் பார், நான் பணம் கட்டித்தான் தப்பிச்சேன்" என்றான். கூட இருப்பவன் "குப்பையில் போடு" என்றான். முதல் இரண்டு பேரும் அவரவர் நாட்டைப் பொறுத்தவரை தப்பாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1998 சட்டப்படி, மறுபடி மறுபடி மீறுகிற வாடிக்கையாளரை நீக்கும் கொள்கை இருந்தால்தான் இணைய நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. ஆகவே அங்கே துண்டிப்பு என்பது வெறும் மிரட்டல் இல்லை. இழப்பீடும் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் 150,000 வரை போகும். ஜெர்மனியில் கடிதம் வக்கீலிடமிருந்தே வரும். பணமும் கேட்கும், இனிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் கேட்கும், அதற்குக் கெடுவும் வைக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அவன் வக்கீலைப் பார்த்தது புத்திசாலித்தனம்தான்.

நீ இருப்பது கனடாவில். வியாபார நோக்கம் இல்லாத மீறலுக்கு இங்கே சட்டம் வைத்திருக்கும் இழப்பீடு, ஒரு வழக்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 முதல் 5,000 டாலர் வரை. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் 150,000 இல்லை. 2015-ல் இந்த முறை தொடங்கிய புதிதிலேயே, அமெரிக்கச் சட்டத்தில் உள்ள அந்தப் பெரிய தொகையைக் காட்டி "இப்போதே கொஞ்சம் கட்டிவிடு, விட்டுவிடுகிறோம்" என்று கனடாக்காரர்களுக்கு நோட்டீஸ்கள் போயின. பயந்துபோய்க் கட்டியவர்களும் உண்டு. 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நோட்டீஸில் பணம் கேட்டாலோ, சமரசத் தொகை பேசினாலோ, உன் சொந்த விவரங்களைக் கேட்டாலோ அது முறையான நோட்டீஸே இல்லை. உனக்கு வந்ததில் அப்படி எதுவும் இல்லை, நல்லது. நாளைக்கு இதே மாதிரி இன்னொன்று வந்து அதில் பணம் கட்ட ஒரு இணைப்பு இருந்தால் தொடவே தொடாதே. இந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கிற மோசடிக்காரர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் உன் பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீயே போன் போட்டுக் கேள்.

குப்பையில் போடச் சொன்னவன் பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. படக்கம்பெனிகள் கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடத்தான் செய்கின்றன, நீதிமன்ற உத்தரவோடு பெயர்களை வாங்கத்தான் செய்கின்றன. ஒரு நோட்டீஸ் வந்தும் நிறுத்தாமல் அதே படத்துக்கு மறுபடியும் சிக்குகிறவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். ஆனால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் செய்தார் என்று நீதிமன்றம் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. 2023-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. எதிர்த்தரப்பு வரவே இல்லாத வழக்கில்கூட, சந்தாதாரர் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புத் தர மறுத்துவிட்டது. கரண்ட் பில் யார் பேரில் வருகிறதோ அவர்தான் விளக்கைப் போட்டார் என்று சொல்ல முடியுமா? அதே நியாயம்தான்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கண்காணிப்பு எவ்வளவு நம்பகமானது என்று சோதித்தார்கள். டாரன்ட் பட்டியலில் வேண்டுமென்றே சில முகவரிகளை நுழைத்துவிட்டார்கள். எதையும் இறக்காத சாதனங்களுக்குப் பதிப்புரிமை மீறல் புகார் வந்தது. அதில் பிரிண்டர்களும் உண்டு! எங்கள் ஆபீஸில் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம், ஆனால் அடுத்த புகாரைத் திறந்தபோது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நேரமும் இன்னொரு தொல்லை. புகாரில் யுடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம் இருக்கும். அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் பதிவேட்டில் தேடினால் வேறு யாரோ ஒருவருடைய வீட்டுக்கு நோட்டீஸ் போய்ச் சேரும். சில இடங்களில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருடைய தொடர்பையும் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் சரியாக இல்லாவிட்டால் ஆளைப் பிரித்தறியவே முடியாது.

இதைப் படித்துவிட்டு "அப்போ தப்பா வந்திருக்கும்" என்று நீ கையை உதறிவிடக் கூடாது. பெரும்பாலும் சரியாகத்தான் வரும். நோட்டீஸில் உள்ள நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள் என்று யோசி. உனக்கு ஏற்கெனவே ஓர் ஊகம் இருக்கிறது, இல்லையா? போனில் நீ பெயர் சொல்லாமல் தயங்கியதிலேயே தெரிந்தது.

மனதிலேயே வைத்துக்கொள்ளாமல் பேசிவிடு. ரவுட்டரைக் குடைந்து ஆதாரம் தேடாதே, வீட்டு ரவுட்டர்கள் அவ்வளவு விவரம் சேர்த்து வைப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடலாம் என்று நீ சொன்னதும் சரிப்படாது. நாளைக்கு அவன் புதுப் பாஸ்வேர்டு கேட்பான், நீ கொடுப்பாய், மறுபடி அதேதான். அறைத்தோழர்கள் எல்லாரும் இருக்கும்போது நோட்டீஸை மேசைமேல் வை. "இது என் பெயருக்கு வந்திருக்கு, யார் செஞ்சீங்கன்னு கேட்கல, அந்த டாரன்ட் செயலி எந்தக் கணினியில் இருக்கோ இன்னைக்கே நிறுத்திடுங்க" என்று சொல். படம் இறங்கி முடிந்த பிறகும் அது பின்னணியில் ஓடிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கணினியைத் திறந்ததும் தானாகக் கிளம்பும். பலர் அதை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இணைப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார். அப்போது முகங்கள் எப்படி மாறுகின்றன என்று எனக்கும் சொல்.

அது நீயாகவே இருந்தாலும் இதே பதில்தான்: நிறுத்திவிடு. எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். காசு கொடுத்துப் பார்க்க வழியே இல்லாத பழைய படங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடி அலைகிறவர்கள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. உனக்கு வந்த நோட்டீஸில் இருப்பது அந்த வகைப் படம் இல்லை என்பதையும் பார்த்தேன். விபிஎன் (உன் முகவரிக்குப் பதில் வேறொரு முகவரியைக் காட்டும் சேவை) போட்டுக்கொண்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். முகவரியை மறைப்பதும் மீறலை நிறுத்துவதும் ஒன்றல்ல. அதுவும் அது பாதியில் அறுந்தால் உன் முகவரி மறுபடி வெளியே தெரிந்துவிடலாம்.

நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. சட்டம் உன்னிடம் பதில் கேட்கவில்லை. "நான் இல்லை, என் நண்பன்தான்" என்று நல்ல எண்ணத்தில் நீ எழுதும் ஒரு மின்னஞ்சல், அவர்களிடம் இதுவரை இல்லாத இரண்டு பெயர்களைக் கொடுத்துவிடும். மின்னஞ்சலை அழிக்காமல் தனியாக எடுத்து வை. வைஃபைக்கு டபிள்யுபிஏ2 அல்லது 3 என்ற பாதுகாப்பு முறை இருக்கிறதா என்று பார், ரவுட்டரோடு வந்த நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்று, வந்துபோகிறவர்களுக்கு விருந்தினர் இணைப்பைத் தனியாக வை.

என்றைக்காவது உண்மையிலேயே நீதிமன்றத்திலிருந்து வழக்குத் தாள் வந்தால் அது வேறு விஷயம். நோட்டீஸ் மாதிரி சும்மா ஒரு மின்னஞ்சலாக வந்து விழாது. வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் இருக்கும், பதில் தாக்கல் செய்ய 30 நாள் இருக்கும். அன்றைக்கு எதையும் அழிக்காதே, நீயாக எதுவும் எழுதாதே, நேராக வக்கீலிடம் போ. செலவைப் பற்றி யோசிக்காதே, நாங்கள் இருக்கிறோம்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவார். வீட்டில் பேசி முடித்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா