முடிவெடுக்க உடன் நின்றவர்களுக்கு நன்றி

என் கணைய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லத்தான் ஆசை. உடம்பு இன்னும் அலைச்சல் தாங்காததால் எழுதுகிறேன்.

முதல் நன்றி என் குடல் நோய் மருத்துவருக்கு. நாள்பட்ட கணைய அழற்சி என்றதும் "யாருக்கும் தெரியாமல் குடிக்கிறாளோ" என்று காதுபடப் பேசியவர்கள் உண்டு. நீங்கள் என் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினீர்கள். மதுவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் சேரும் நோய் நம் பக்கத்தில் உண்டு, கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் அத்தகைய நோயாளிகளை ஏராளமாகப் பதிவு செய்திருக்கிறார், மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு என்றீர்கள். அன்றோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. வலியில் பாதி குறைந்ததுபோல இருந்தது.

கணைய நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தும் சில மாதங்களில் வலி திரும்பியபோது, "இன்னொன்று மாற்றி வைக்கலாம், ஆனால் இப்போதே ஒரு சர்ஜனையும் பாருங்கள்" என்று நீங்களே அனுப்பி வைத்தீர்கள். தன் கையிலிருக்கும் சிகிச்சையின் எல்லையைச் சொல்ல எல்லா மருத்துவருக்கும் மனம் வருவதில்லை.

அறுவைச் சிகிச்சை நிபுணர் ஐயா, நீங்கள் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டிய கணையத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய, கணைய நீர் ஓடும் நாளம் எனக்கு ஒன்பதாக விரிந்திருந்தது. கல்லும் வீக்கமும் தலைப்பகுதியில். நாளத்தை நீளவாக்கில் திறந்து சிறுகுடலோடு இணைத்தால் மட்டும் போதாது, தலைப்பகுதி அப்படியே இருந்தால் வலி திரும்பக்கூடும் என்றீர்கள். விப்பிள் என்ற அறுவை என்றால் கணையத் தலையோடு முன்சிறுகுடலும் பித்தக்குழாயின் ஒரு பகுதியும் போய்விடும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அதுதான் வழி, ஸ்கேனில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. கணையத்தை முழுதாக எடுத்து, இன்சுலின் சுரக்கும் திசுக்களைப் பிரித்துக் கல்லீரலுக்குள் செலுத்தும் முறையையும் நான் கேட்டேன். 1977-இல் மின்னசோட்டாவில் தொடங்கியது அது. "அது கடைசிப் படி, உங்களுக்கு இப்போது தேவையில்லை" என்றீர்கள். மிஞ்சியது ஃப்ரே முறை: தலைப்பகுதியின் கெட்டித் திசுவைக் குடைந்தெடுத்து, நாளத்தையும் நீளத் திறந்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து தைப்பது.

அதைவிட முக்கியமாக, இது வலிக்கான சிகிச்சை, நோய் இதனால் போய்விடாது, பின்னால் சர்க்கரை வரலாம், சாப்பாடு செரிக்க என்சைம் கேப்ஸ்யூல் தொடரும் என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். "யோசித்துவிட்டு வாங்கம்மா, அவசரமில்லை" என்றும் சொன்னீர்கள். கும்பிடுகிறேன் ஐயா.

வார்டில் இருந்த இளம் டாக்டர் தம்பி, 2020-இல் வந்த நெதர்லாந்து ஆய்வைப் பற்றி ராத்திரி டியூட்டிக்கு நடுவே பொறுமையாகச் சொன்னீர்கள். 88 நோயாளிகள், பாதிப் பேருக்குச் சீக்கிரமே அறுவை, மீதிப் பேருக்கு முதலில் மருந்தும் எண்டோஸ்கோபியும். ஒன்றரை வருடத்தில் நூறுக்குச் சராசரி வலி மதிப்பு அறுவைப் பிரிவில் 37, மற்றதில் 49. "வித்தியாசம் உண்டு, ஆனா எல்லாருக்கும் வலி போயிடலக்கா" என்றீர்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் உங்கள் மேல் எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் இதே நோய். இதயக் கோளாறு இருந்ததால் அவர் ஸ்டென்ட்டோடு தொடர முடிவு செய்தார். "எனக்குச் சொன்னத நீ கேக்காத, உனக்குச் சொன்னதக் கேளு மக்களே" என்று அவர் சொன்னது பெரிய உதவி. அக்கா, நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கஞ்சியிலிருந்து சோறுவரை படிப்படியாகக் கொண்டுவந்த உணவியல் அம்மா, தையல் பிரிக்கும்போது கையைப் பிடித்துக்கொண்ட சிஸ்டர், ரத்தம் கொடுத்த என் பழைய மாணவர்கள், என் வகுப்புகளைப் பங்கு போட்டு எடுத்த சக ஆசிரியைகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அத்தை, எல்லோருக்கும் என் அன்பு.

சோறு சாப்பிட்டதும் வருகிற வலி இப்போது இல்லை. டிராமடால் என்ற வலி மருந்தை டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்திவிட்டேன். சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் பள்ளிக்குத் திரும்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது இதே முடிவெடுக்க முடியாமல் தவித்தால் என்னிடம் அனுப்புங்கள். ஐயா வரைந்த படத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்தவரை பேசுகிறேன்.

அன்புடன்,
குமரி மாவட்டத்து ஆசிரியை ஒருத்தி