ரோம் போறவங்க இந்த சர்ச்சுக்கு போகாம வந்துடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல ரோம் பயணக் கட்டுரை படிச்சேன், கொலோசியம், வாடிகன், ட்ரெவி நீரூற்று எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா பியாஸ்ஸா தெல் போப்போலோ சதுக்கம் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு, நடுவுல நிக்கிற எகிப்து தூணையும் தெக்கு பக்கம் இருக்கற ரெட்டை சர்ச்சுகளையும் போட்டோ எடுத்துட்டு கெளம்பலாம்னு முடிச்சதுதான் மனசுக்கு கஷ்டமா போச்சு. அதே சதுக்கத்தோட வடக்கு ஓரத்துல, பழைய நகர வாசலை ஒட்டி, பெரிய அலங்காரம் எதுவும் இல்லாம நிக்குது சாந்தா மரியா தெல் போப்போலோ. ரோம்ல ஒரே நாள்தான் இருக்கேன்னு யாராச்சும் கேட்டா நான் அவங்களை அனுப்புறது அங்கதான், டிக்கெட்டும் கெடையாது.

வாடிகன்ல சிஸ்டின் சாப்பலை கட்ட வெச்ச அதே நாலாம் சிக்ஸ்டஸ் போப் காலத்துல, 1472லேர்ந்து 1477க்குள்ள திரும்ப கட்டுன சர்ச் இது. உள்ள போனதும் வலது பக்கம் முதல் சாப்பல்ல (சர்ச்சுக்குள்ள இருக்கற சின்ன வழிபாட்டு அறை) ஓவியர் பிந்துரிக்கியோ வரைஞ்ச குழந்தை இயேசு படம், அதையும் பாருங்க. ஆனா அவசரமா இருந்தா நேரா போய் மெயின் பீடத்துக்கு இடது பக்கம் இருக்கற செராசி சாப்பல்ல நில்லுங்க. போப்போட கருவூலத்தை பாத்துக்கிட்ட திபேரியோ செராசி 1600ல இந்த சாப்பலை வாங்கி, நடு படத்தை ஓவியர் அன்னிபலே கராச்சிகிட்டயும் ரெண்டு பக்க சுவரோட படங்களை இன்னொரு ஓவியர் கரவாஜ்ஜோகிட்டயும் குடுத்தார், ஆனா வேலை முடியறதுக்குள்ள, 1601லயே செராசி இறந்துட்டார்.

நான் முக்கியமா சொல்ல வர்றது என்னன்னா, கரவாஜ்ஜோவோட இந்த ரெண்டு படத்தையும் புக்லயோ போன்லயோ பாத்தவங்க இன்னும் முழுசா பாக்கலை. புக்ல நேருக்கு நேரா பாக்குறோம், அப்போ, கிறிஸ்தவங்களை எதிர்த்துட்டு இருந்த பவுல் வெளிச்சம் பட்டு விழுந்து மனம் மாறுற படத்துல மொத்தமும் குதிரையாத்தான் தெரியுது, என்னடா இது புனிதர் படமா குதிரை படமான்னு தோணும். ஆனா சாப்பல் ரொம்ப ஒடுக்கம், வாசல்ல நின்னு சாய்வாதான் பாக்க முடியும், அப்படி பாக்கறப்போ கீழ மல்லாந்து விழுந்து கிடக்கற பவுல் தலை நம்ம பக்கமா வந்துடுது, கண்ணை மூடி ரெண்டு கையையும் விரிச்சு கிடக்கறார், குதிரை அவரை மிதிச்சிடாம காலை தூக்கிக்கிட்டு நிக்குது, வானத்துல கடவுளும் இல்ல தேவதூதரும் இல்ல, வெளிச்சம் மட்டும்தான். எதிர் சுவர்ல இயேசுவோட சீடர் பேதுருவை தலைகீழா சிலுவையில தூக்கறாங்க, தூக்கறவங்க வில்லனுங்க மாதிரி இல்ல, பாரம் தூக்கற கூலி ஆளுங்க, அதுல குனிஞ்சு முதுகு குடுக்கறவரோட அழுக்கு பாதம் நம்மளை பாத்து இருக்கு. எங்க நின்னு பாப்பாங்கன்னு யோசிச்சு வரைஞ்ச படத்தை அந்த எடத்துலயே நின்னு பாக்கற வாய்ப்பு மியூசியத்துல கெடைக்காது.

இதே சர்ச்ல இருக்கற கிகி சாப்பல்லயும் அதே கதைதான். ஐரோப்பாவோட பெரிய பணக்காரர்கள்ல ஒருத்தரான பேங்கர் அகோஸ்தினோ கிகிக்காக ஓவியர் ராபேல் டிசைன் பண்ணது, மேல குவிமாடத்துல கடவுளும் கிரகங்களும் மொசைக்ல 1516லயே முடிஞ்சுது. 1520 ஏப்ரல்ல ராபேல் இறந்தார், 5 நாள்ல கிகியும் இறந்துட்டார், சாப்பல் முழுசா முடியாமலே இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு அதே குடும்பத்துல வந்த ஏழாம் அலெக்சாண்டர் போப் சிற்பி பெர்னினியை வெச்சு முடிச்சார். பெர்னினி ஒரு மூலையில, சிங்கக் குகையில போடப்பட்ட தானியேலை சிங்கத்தோட வெச்சார், குறுக்கால எதிர் மூலையில, அவருக்கு சாப்பாடு கொண்டு போற இறைவாக்கினர் அபக்கூக்கை வெச்சார், பக்கத்துல சாப்பாட்டுக் கூடை. தேவதூதர் அபக்கூக்கோட முடியை புடிச்சு, அந்தப் பக்கம் பசியோட இருக்கற தானியேல்கிட்ட போன்னு கை காட்டறார். கதை நடக்கறதே ரெண்டு சிலைக்கும் நடுவுல இருக்கற காலி எடத்துலதான், நாம நிக்கறதும் அங்கதான்! கத்தோலிக்க பைபிள்ல தானியேல் 14ம் அதிகாரம் இது, நம்ம ஊர்லேர்ந்து திருப்பயணமா ரோம் போறவங்கள்ல நிறைய பேருக்கு தெரிஞ்ச கதைதான், ஆனா இந்த சர்ச் பல டூர் லிஸ்ட்லயே இல்ல.

அதனால அடுத்த தடவை ரோம் பத்தி போடும்போது இதுக்கு அரை பக்கமாச்சும் குடுங்க ஐயா. கூடவே ரெண்டு விஷயம் கண்டிப்பா போடுங்க. ஃபிளமினியோ மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா வாசலை தாண்டினதுமே சர்ச்தான், ஆனா ரோம்ல நிறைய சர்ச்சுகளை மதியம் பூட்டிடுவாங்க, காலையிலயே போயிடணும். இன்னொண்ணு, அங்க இப்பவும் பூசை நடக்குது, தோளை மூடி டிரஸ் போட்டு, பிளாஷ் அடிக்காம, பக்கத்துல ஜெபம் பண்றவங்களுக்கு தொந்தரவு இல்லாம பாக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் பல வருஷத்து வாசகர்